என்ஏஎஸ்ஸில் இருக்கும் அப்பாவின் கூத்து கேசட்டுகள்: அம்மா தானே போட்டுக் கேட்க எந்த பிளேயர் நல்லது?

பொகவந்தலாவை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். விஷயத்தை முழுதாகச் சொன்னால்தான் சரியான பதில் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் காமன் கூத்து (மன்மதன், ரதி கதையை ஆடும் கூத்து) மாஸ்டராக இருந்தவர். மாசியில் காமன் ஊன்றுவதிலிருந்து மன்மதன் தகனம் வரை எல்லாம் அவர் பொறுப்பு. எண்பதுகளின் கடைசியிலிருந்து யாராவது ஒருவர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிவந்து களத்து ஓரத்தில் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்தது 26 கேசட், எல்லாமே 90 நிமிடக் கேசட். அப்பா போய் நான்கு வருடமாகிறது. போன டிசம்பர் லீவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஏற்றி ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வகை) கோப்புகளாக வைத்துவிட்டேன். 39 மணி நேரம், ஏறக்குறைய 15 ஜிபி. ஒவ்வொரு பக்கத்தையும் கட்டம் கட்டமாக ஆறு ஏழு துண்டாக வெட்டியிருக்கிறேன், வேண்டிய இடத்துக்கு நேரே போவதற்காக.

தம்பி டோஹாவிலிருந்து வந்தபோது இரண்டு டிஸ்க் போடும் என்ஏஎஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) ஒன்று கொண்டுவந்தான். கூத்து, பழைய பாட்டுகள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான். அது என் அறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா இருப்பது முன்பக்கம், இஸ்தோப்பை (முன் விறாந்தையை) ஒட்டிய காம்பராவில் (அறையில்). நடுவில் இரண்டு கருங்கல் சுவர்.

அம்மாவுக்கு விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டும்போது கூத்து கேட்க வேண்டும். என் ஃபோனில் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரல் அது. ஃபோன் திரையில் எத்தனை தரம் தொட்டாலும் அதற்குத் தெரிவதே இல்லை. அம்மா அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "இது என்னைய கண்டுக்கவே மாட்டேங்குது" என்று ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார். அதனால் நிஜமான பொத்தான் உள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

இன்னொன்று. கூத்து நடுவில் தப்பு (பறை) தளர்ந்துபோனால் நெருப்பில் காட்டிச் சூடேற்றுவார்கள். அந்த நேரம் பாட்டு நிற்கும், டேப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சுள்ளி வெடிக்கிற சத்தம், யாரோ இருமுவது, அப்பா தூரத்தில் "இன்னும் கொஞ்சம் காட்டுப்பா" என்பது, அப்புறம் விரலால் ஒரு தட்டு, சரியில்லை, இன்னொரு தட்டு. எங்கள் வீட்டுக்கு அதுவும் கூத்துதான். ஃபோன் செயலி அந்த இடங்களில் மௌனத்தைத் தாண்டி ஓடியது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போதும் ஒரு கணம் அறுந்தது. தப்படி நடுவில் அறுந்தால் கேட்கச் சகிக்காது.

கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று இங்கே சொல்ல முடியாது. வந்ததும் தானாக எழும்பி நிற்க வேண்டும். பட்ஜெட் 40,000 ரூபாய்க்குள். ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டியா, ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்பியூட்டரா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டியான்87

டீச்சர், தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீம் மினி அல்லது வீம் ப்ரோ என்கிற ஆயத்த பிளேயர் பெட்டி வாங்குங்கள். என்ஏஎஸ்ஸில் டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படம் பகிரும் முறை) சர்வரை ஆன் செய்தால் பிளேயர் அதைத் தானே கண்டுபிடிக்கும். ஃப்ளாக் ஓடும், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமலும் ஓடும். மினியில் லேன் வயர் குத்த இடமில்லை, வைஃபை மட்டும்தான். ப்ரோவில் வயர் குத்தலாம். கருங்கல் சுவர் என்கிறீர்கள், அதனால் ப்ரோ. நான் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. எல்லாம் ஃபோன் செயலியில்தான், ஆனால் ஒரு தரம் பழகிவிட்டால் சுலபம்.

பண்டாரவளை ரேடியோ

தங்கச்சி, நான் 31 வருடமாக ரேடியோ, ஆம்ப் திருத்துகிறவன். பிளேயரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அதற்கு முன்னால் மூன்று விஷயம்.

சத்தம் எதில் வரப்போகிறது? நீங்கள் சொல்லவில்லை. வீட்டில் அப்பா பாவித்த டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த செட்) இருந்தால் அதன் பின்புறம் லைன்-இன் அல்லது ஆக்ஸ் என்று துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். இல்லாவிட்டால் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் ஒரு வயர் எடுத்துக் கொடுக்கலாம், அரை மணி நேர வேலை. சிலர் கேசட் ஹெட்டுக்கு வரும் வயரிலேயே கொடுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஹெட்டிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) தருவது இரண்டு வோல்ட் வரை. கரகரவென்று உடைந்துதான் கேட்கும்.

இரண்டாவது, இடி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் எப்படி இடிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன ஏப்ரலில் ஒரே கிழமையில் என் கடைக்கு நாலு ரவுட்டர் வந்தது. நாலும் கரண்ட் வழியாக அல்ல, டெலிஃபோன் செம்புக் கம்பி வழியாக அடி வாங்கியவை. அதில் ஒரு வீட்டில் ரவுட்டரிலிருந்து லேன் வயர் வழியாகப் போய் டிவியையும் கொண்டுபோய்விட்டது. உங்கள் இன்டர்நெட் செம்புக் கம்பியில் வருகிறதென்றால், பிளேயரை லேன் வயரில் கட்டாமல் வைஃபையில் வைப்பது என் யோசனை. ஃபைபர் என்றால் அந்தப் பயம் குறைவு.

மூன்றாவது, 15 ஜிபிக்கு என்ஏஎஸ் எதற்கு? 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதுமே. யூஎஸ்பி போடும் சாதாரண செட் ஒன்று வாங்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பொகவந்தலாவை டீச்சர்

இருவருக்கும் நன்றி.

கண்டியான் தம்பி, பெட்டி நல்லதென்று புரிகிறது. ஆனால் ஃபோன்தான் இங்கே பிரச்சினையே.

அண்ணே, டூ-இன்-ஒன் இருக்கிறது! கேசட் பக்கம் பெல்ட் போய்விட்டது, ரேடியோ இன்னும் பாடுகிறது. பின்னால் இரண்டு ஆர்சிஏ துளை, லைன்-இன் என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடமாக அதை நான் கவனித்ததே இல்லை. அந்தச் செட்டிலேயே அப்பா குரல் வருமென்றால் அம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். இன்டர்நெட் செம்புக் கம்பியில்தான் வருகிறது, ஆகவே வைஃபைதான்.

பென் டிரைவ் முயன்று பார்த்தோம். சந்தையில் வாங்கிய யூஎஸ்பி செட் ஃப்ளாக்கை எடுக்கவில்லை. எம்பி3 ஆக்கிப் போட்டால் துண்டுக்குத் துண்டு அறுந்தது. கோப்புப் பெயர்கள் தமிழில் இருந்ததால் சின்னத் திரையில் எழுத்துக்குப் பதில் வெறும் சதுரங்களாக வந்தது. அதோடு நான் இன்னும் துண்டுகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன், இன்று ஒரு பெயரை மாற்றினால் நாளை அம்மாவின் பெட்டியில் மாறியிருக்க வேண்டும். சித்தப்பா வீட்டிலும் கேட்கிறார்கள். மூலம் ஓரிடத்தில் இருப்பதுதான் எனக்கு நிம்மதி.

லிந்துலை மேகம்

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் தாத்தாவுக்காக இதே வேலையை மூன்று வருடத்துக்கு முன் செய்தேன். ஒரு தரம் தோற்று, இரண்டாம் தரம்தான் சரிவந்தது. தோற்றதை முதலில் சொல்கிறேன்.

ராஸ்பெரி பையில் வொலூமியோ என்கிற பிளேயர் மென்பொருளைப் போட்டேன். அருமையான மென்பொருள், திரை பிரவுசரில் வருவதால் தமிழும் அழகாகத் தெரியும். எங்கள் என்ஏஎஸ் பழையது, எஸ்எம்பி என்கிற கோப்புப் பகிரும் முறையின் முதல் பதிப்பு மட்டுமே பேசும். அதனால் இணைய மறுத்தது. ஆப்ஷன் பெட்டியில் பதிப்பு எண்ணைக் கையால் எழுதிக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. அதெல்லாம் சின்ன விஷயம். அப்புறம் 2022 வந்தது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் நிறுத்தினார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும். பை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெடும். எனக்கு இரண்டு மாதத்தில் மூன்று கார்டு போனது. ஒவ்வொரு தரமும் நான் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்து முதலிலிருந்து எழுத வேண்டும். அதுவரை தாத்தா சும்மா உட்கார்ந்திருப்பார். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம்தான் பைகோர்பிளேயர் என்கிற இன்னொரு பிளேயர் மென்பொருளுக்கு மாறினேன். அது எழும்பும்போது தன்னை முழுதாக ரேமில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே ஓடும். பாடும் நேரத்தில் கார்டில் எழுதுவதே இல்லை. எந்த நேரம் பிளக்கைப் பிடுங்கினாலும் அதற்கு வலிக்காது. அன்றிலிருந்து இன்றுவரை அதே கார்டு. ஒன்றே ஒன்று மறக்கக் கூடாது: எந்த செட்டிங்கை மாற்றினாலும் பேக்கப் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் அடுத்த தரம் எழும்பும்போது மாற்றியது எதுவும் இருக்காது, ரேமில் இருந்தது ரேமோடு போய்விடும்.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் சர்வருக்கு லைரியன் மியூசிக் சர்வர் என்று பெயர். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்றிருந்தது இதுதான். இது லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் பிளேயர் பெட்டிகளுக்கான சர்வர்; அந்தப் பெட்டிகள் விற்பனையில் இல்லாமல் போய்ப் பல வருடமான பிறகும், பாவித்தவர்கள் சேர்ந்து இந்த சர்வரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். உங்கள் என்ஏஎஸ் டாக்கர் (வேறு மென்பொருள்களைத் தனித்தனியாக ஓட்ட உதவுவது) ஓட்டுமென்றால் சர்வரை என்ஏஎஸ்ஸிலேயே போடுங்கள், பையில் போடாதீர்கள். காரணம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் பை அரை நிமிடத்தில் எழும்பிவிடும். என்ஏஎஸ் எழும்ப சில நிமிடம் பிடிக்கும். பை தானே என்ஏஎஸ்ஸின் ஃபோல்டரைத் திறக்கப் போனால், எழும்பாத என்ஏஎஸ்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும், அப்புறம் யாராவது ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சர்வர் என்ஏஎஸ்ஸில் இருந்தால் பைக்கு வேலை சர்வரைத் தேடுவது மட்டும்தான். கிடைக்கும்வரை தேடிக்கொண்டே இருக்கும், கிடைத்ததும் ஒட்டிக்கொள்ளும். என்ஏஎஸ் செட்டிங்கில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு என்று ஒரு தெரிவு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ரவுட்டரில் என்ஏஎஸ்ஸுக்கும் பைக்கும் நிலையான முகவரி கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டர் எழும்பும் ஒவ்வொரு தரமும் முகவரி மாறலாம்.

வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். கல் சுவருக்கு 5ஐ விட அதுதான் நல்லது. சீடி தரத்து ஒலி சுருக்காமலே நொடிக்கு 1411 கிலோபிட்தான், ஃப்ளாக் அதைவிடக் குறைவு. பிளேயர் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் வைஃபை ஒரு கணம் தடுமாறினாலும் கேட்பவருக்குத் தெரியாது.

அறுந்துபோகும் பிரச்சினைக்கு உங்கள் ஃப்ளாக்தான் மருந்து. எம்பி3 ஆக்கும்போது துண்டின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றுச் சத்தம் சேர்ந்துவிடும், அதுதான் உங்கள் யூஎஸ்பி செட்டில் அறுந்தது. ஃப்ளாக்கில் வெட்டிய இடத்தில் வெட்டியபடி சேரும். சர்வரில் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் கலப்பது) வேண்டாம் என்று வையுங்கள், ஒலி அளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெயினையும் அணைத்துவிடுங்கள். அப்பா தூரத்தில் பேசுவது தூரத்தில்தான் கேட்க வேண்டும்.

பொத்தானுக்கு நான் செய்தது: யூஎஸ்பி நம்பர் கீபேட். கம்பியூட்டர் கடையில் கணக்குப் பார்ப்பவர்களுக்கு விற்பார்களே, அதுதான். பையில் குத்திவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பிளேலிஸ்ட் ஓடும்படி ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். சர்வரின் 9000ஆம் போர்ட்டுக்கு ஒரு வரி அனுப்பினால் அது ஓடும். ஸ்க்ரிப்ட்டில் எழுத்தைப் படிக்காமல் விசையின் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அப்போது நம்லாக் அணைந்து கிடந்தாலும் 2 என்பது 2ஆகவே இருக்கும். ஸ்க்ரிப்ட்டை நான் தனிமடலில் அனுப்புகிறேன்.

பை 3 போதும், செகண்ட்ஹேண்ட் பரவாயில்லை. அதன் சொந்த ஹெட்ஃபோன் துளையில் கேட்காதீர்கள், இரைச்சல். சின்ன யூஎஸ்பி டிஏசி ஒன்று போடுங்கள்.

கண்டியான்87

அம்மாவின் விரல் விஷயத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். லிந்துலைக்காரர் சொன்னதைச் செய்யுங்கள்.

ஒரு உதவி செய்ய முடியும். கேசட் அட்டையில் இருந்ததை யாராவது முன்பு பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்து வைத்திருந்தால் அதை அப்படியே டேக்கில் (கோப்புக்குள் இருக்கும் பெயர் விவரத்தில்) ஒட்டாதீர்கள். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு எம்பி3டேக் மென்பொருளில் மொத்தமாக ஏற்றலாம், பெயர் எம்பி3 என்றிருந்தாலும் ஃப்ளாக்கையும் எடுக்கும். துண்டுகளின் வரிசைக்கு ட்ராக் எண்ணையும் கட்டாயம் போடுங்கள், பெயரை நம்பினால் அகர வரிசையில் தகனம் திருமணத்துக்கு முன்னால் வந்துவிடும். பட்டியலை எனக்கு அனுப்பினால் மாற்றித் தருகிறேன்.

பண்டாரவளை ரேடியோ

லிந்துலைத் தம்பி சொன்னது சரி. பென் டிரைவ் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. ஆனால் அந்த என்ஏஎஸ்ஸின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இடி இறங்கினால் பெட்டியோடு இரண்டும் போகும். ஒரு பிரதி பென் டிரைவிலாவது எடுத்து வேறு வீட்டில் வையுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்றும் போடுங்கள்.

பொகவந்தலாவை டீச்சர்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

பை 3, யூஎஸ்பி டிஏசி, நம்பர் கீபேட், ரவுட்டர் யூபிஎஸ் எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டுக்குள் அடங்கியது. லிந்துலைத் தம்பி இரண்டு இரவு ஃபோனில் கூடவே இருந்து சொல்லித் தந்தார். முதல் நாள் பேக்கப் அழுத்த மறந்து எல்லாம் அழிந்தது, இரண்டாம் நாள் நின்றுவிட்டது. கண்டியான் தம்பி 26 கேசட்டின் பெயர்களையும் ஒரே இரவில் மாற்றி அனுப்பினார். சித்தப்பா வீட்டில் ஒரு பிரதி கொடுத்தாயிற்று.

ஒன்றில் காமன் ஊன்றல், இரண்டில் கல்யாணம், மூன்றில் தூது, நான்கில் தகனம், பூஜ்யம் நிறுத்த என்று வைத்தேன். ஐந்தில் எதுவும் வைக்கவில்லை. அம்மா கீபேடைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒண்ணுல மட்டும் சின்னக் கல்லு மாதிரி இருக்கே" என்றார். பார்த்தால் ஐந்தின் மேல் ஒரு சின்ன மேடு. எல்லா கீபேடிலும் இருக்குமாம், எனக்குத் தெரியாது. இருட்டில் தடவினாலே பிடிபடுவது அந்த ஒன்றுதான். அதனால் ரதி புலம்பலை அதில் வைத்தேன். அதில் ரதி வேஷம் கட்டியவர் சித்தப்பா, பின்பாட்டு அப்பா.

போன செவ்வாய் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. நான் எழும்பும்போது முன் காம்பராவில் தப்பு காயும் சத்தம் கேட்டது. சுள்ளி வெடிக்கிறது டேப்பிலா, அம்மாவின் அடுப்பிலா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. விளக்குக்கூடப் போடாமல் அம்மா தானே போட்டிருக்கிறார்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். 11ஆம் கேசட்டின் பி பக்கம் போகப்போகச் சுதி இறங்குகிறது, கடைசிப் பத்து நிமிடம் அப்பா குரலே வேறு ஆள் மாதிரி. அன்றைக்கு ரெக்கார்டரின் பேட்டரி இறங்கியிருக்கும் என்று சித்தப்பா சொல்கிறார். பண்டாரவளை அண்ணே, இதைத் திருத்த வழி உண்டா?

பண்டாரவளை ரேடியோ

உண்டு. பேட்டரி இறங்கி டேப் மெதுவாக ஓடியிருந்தால் இப்போது போடும்போது சுதி ஏறித்தான் கேட்கும். இறங்குகிறது என்றால் பதிவில் அல்ல, நீங்கள் ஏற்றும்போது டெக் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தக் கேசட் உள்ளே இறுகியிருக்கிறது. ஆகவே டேப்பில் இருப்பது அநேகமாகச் சரியாகவே இருக்கும். சனிக்கிழமை கொண்டுவாருங்கள், புது பெல்ட் போட்ட டெக் ஒன்று இருக்கிறது, புதிதாக ஏற்றித் தருகிறேன். இப்போது ரிவைண்ட் செய்ய வேண்டாம், எந்த இடத்தில் நிற்கிறதோ அப்படியே கொண்டுவாருங்கள்.